தெருவுக்கு வந்த சோடா மெஷின்

செம்பட்டி
3-9-1958

அன்புள்ள மாமாவுக்கு மாயம்மாள் எழுதிக்கொண்டது.

உங்களை அந்த வேப்பமரத்து வார்டில் விட்டுவிட்டு பஸ் ஏறியவள் நிலக்கோட்டை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். நிலக்கோட்டையில் பூக்கூடைகளை ஏற்றினார்கள். மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவு மல்லிகைக்கு நடுவில் எனக்குத் தும்மல்தான் வந்தது. அழுகையும் தும்மலும் சேர்ந்து வருவதைப் பக்கத்து அம்மாள் வேடிக்கை பார்த்ததால் அழுகையை நிறுத்திவிட்டேன்.

கடையைத் திறந்துவிட்டேன். கோபப்படாதீர்கள். உங்கள் அண்ணன் வந்து, "தம்பி சொகமாகி வார வரைக்கும் பூட்டிப் போடு தாயி. சோடா மெஷின் சக்கரம் ஆம்பளைக சுத்துறது" என்றார். "அது சக்கரத்துக்குத் தெரியாதே பெரிய மாமா" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர, கை வைத்ததில்லை. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மெஷின் கூண்டில் பூட்டி, காஸைத் திறந்து சுற்றினேன். முதல் பாட்டில் கூண்டுக்குள்ளேயே வெடித்தது. தெருக்கோழிகள் எல்லாம் கூரைமேல் ஏறிவிட்டன. பக்கத்துப் பணியாரக்கடை செபாஸ்தியம்மாள் அக்கா எண்ணெய்க் கரண்டியோடு ஓடிவந்து, "ஏத்தா, உசுரோட இருக்கியா" என்று கேட்டார். அடுத்த பாட்டிலில் காஸே ஏறவில்லை. கோலி உள்ளேயே கிடந்து உருண்டது. அதற்கடுத்ததில் கோலி 'டக்'கென்று கழுத்தில் போய் நின்றது. எனக்கு ஒரு துள்ளுத் துள்ளவேண்டும் போலிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றதால் துள்ளவில்லை.

அதை பஸ் டிரைவர் நைனா முகமது அண்ணனுக்குக் கொடுத்தேன். பழனி-மதுரை வண்டியைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். "மூக்குல ஏறுது தங்கச்சி. தங்கமுத்து போட்டது மாதிரியே இருக்கு" என்றார். அவர்தான் இந்தக் கடிதத்தையும் மதுரையில் தபாலில் சேர்க்கிறார்.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. நீங்கள் மாத்திரையையும் பாலையும் மட்டும் பாருங்கள்.

தங்கள்,
மாயம்மாள்

*

சானடோரியம்
14-9-1958

மாயிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உடனே நர்ஸ் ஆனந்தமேரி வந்து படுக்க வைத்துவிட்டார்கள். இங்கே படுத்திருப்பதுதான் வைத்தியம். சுவாசிப்பதைக்கூட மெதுவாகச் செய்யச் சொல்கிறார்கள். ஊசி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். கசப்பு நாக்கிலிருந்து போவதே இல்லை.

வெடித்த பாட்டிலின் சில்லு உன் முகத்தில் பட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? கூண்டு மூடியைப் பூட்டிய பிறகுதான் காஸ் குழாயைத் தொடவேண்டும். இரண்டு கைக்கும் சாக்குத் துணி சுற்றிக்கொள். கழுத்தில் கீறல் விழுந்த பாட்டிலை ஒதுக்கிவிடு. கோலி சரியாக உட்காரவில்லையென்றால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், மாற்று. சக்கரத்தைப் பலத்தால் சுற்றாதே. உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்தால் அதுவே போகும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லவேண்டியவன் இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

பக்கத்துக் கட்டில்காரர் கருப்பணன் எரியோட்டு விவசாயி. உங்கள் ஊர்தான். உன் அப்பாவைத் தெரியுமாம். "ஒம் பொண்டாட்டி சோடாக் கடை நடத்துதா? அப்ப நீ எதுக்கு மொகத்த இப்பிடி வச்சிருக்க?" என்கிறார். வியாபாரம் தெரியாதவர்.

நீ நன்றாக நடக்கிறது என்று ஒரு வரியில் எழுதினால் எனக்குப் போதாது. யார் யார் வந்தார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் சாயங்காலம் வருகிறார்களா, கல்யாண ஆர்டர் ஏதாவது உண்டா, விவரமாக எழுது. அந்தக் கடையைத் தவிர நினைத்துப் பார்க்க எனக்கு இங்கே வேறு எதுவும் இல்லை. உன்னைத் தவிர என்றும் சேர்த்துக்கொள்.

தங்கமுத்து

*

செம்பட்டி
12-10-1958

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி சாய்ந்து சுற்றினேன். சக்கரம் நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே வருகிறது. சாக்குத்துணி சுற்றிய என் கைகளைப் பார்த்து, குத்துச்சண்டைக்குப் போகிறாயா என்று செபாஸ்தியம்மாள் அக்கா கேட்கிறார்.

வாத்தியார்கள் வருகிறார்கள். எல்லாரும் வருகிறார்கள். கடையில் நிற்க இடமில்லை. கல்யாண ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. மெஷின் சத்தம் கேட்காத நேரமே இல்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு சந்தேகம். போட்டுவைத்த சோடா எத்தனை நாள் காரம் குறையாமல் இருக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இன்னொன்று, தினமும் நாலைந்து சோடா குடித்தால் உடம்புக்கு ஏதாவது செய்யுமா? இதுவும் சும்மாதான்.

மழை பெய்ததால் கொஞ்சம் சாவகாசம். வீட்டு ஆடு இரண்டையும் அப்பாவிடம் அனுப்பிவிட்டேன். பார்த்துக்கொள்ள நேரமில்லை. அவ்வளவு வியாபாரம்.

நீங்கள் எடை கூடியிருப்பதாக நைனா முகமது அண்ணன் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உங்களைப் பார்க்க வருவாராம். அவரிடம் கடை விஷயம் எல்லாம் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். பாவம், வண்டி ஓட்டிக் களைத்து வருகிற மனிதர்.

தங்கள்,
மாயம்மாள்

*

சானடோரியம்
2-11-1958

மாயம்மாளுக்கு,

நீ கேட்காதே என்று எழுதியதால்தான் நைனாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். அல்லாவின் பேரைச் சொன்னதும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார்.

நான் இங்கே வந்து சேர்ந்த விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டதாம். காசநோய்க்காரன் வாய் வைத்த பாட்டில், அவன் கழுவிய தண்ணீர் என்று பேசி, உள்ளூர் ஆட்கள் ஒருவர்கூட நம் கடையில் குடிப்பதில்லையாம். வாத்தியார்கள் வருவதை நிறுத்தி மாசம் ஆகிவிட்டதாம். கல்யாண ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். என்னைச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும் என்று நீ ஒரு கடையைக் கற்பனையில் நடத்திக்கொண்டிருக்கிறாய். நான் அதை நம்பி, வார்டு முழுவதும் பெருமை பேசியிருக்கிறேன்.

என் நெஞ்சுக்குள் இருக்கிற நோய் உன் பாட்டில் வரைக்கும் வந்துவிட்டதே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் ஒருவர் மெஷினை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதாக அண்ணன் முன்பே எழுதியிருந்தார். கொடுத்துவிடச் சொல்லி இன்று அவருக்கு எழுதிவிட்டேன். நீ எரியோட்டுக்குப் போய் உன் அப்பா வீட்டில் இரு. உடம்பு சரியானால் பார்ப்போம். ஆகாவிட்டால் அதற்கும் அதுதான் நல்லது.

இதற்கு மறுத்து எழுதாதே.

தங்கமுத்து

*

செம்பட்டி
10-11-1958

மாமாவுக்கு,

மறுத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் திண்டுக்கல் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் மெஷின் முன்னால் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்றேன். அந்த ஆள் வாசலைத் தாண்டவில்லை. ஊர்ப்பேச்சு அன்றைக்கு ஒருநாள் எனக்கு உதவியது.

பொய் எழுதியது தப்புதான். இனிமேல் எழுதமாட்டேன். அதனால் இப்போது உண்மையை எழுதுகிறேன், படுத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் வாத்தியார்கள் நின்றார்கள். பிறகு டீக்கடைக்காரர் நம்மிடம் சோடா எடுப்பதை நிறுத்தினார். மாவு மில் மூக்காயி நம் கடை வரும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ரோட்டின் அந்தப் பக்கமாகப் போனாள். அவள் என் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டிய அன்று விடிய விடியக் குலவை போட்டவள். கல்யாணக்காரர்கள் வந்து வேண்டாம் என்று சொன்ன அன்று பலகையைப் போட்டுக் கடையை மூடினேன். மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சோறு பொங்கவில்லை, தலை வாரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செபாஸ்தியம்மாள் அக்கா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். திறந்ததும் ஒரு தட்டுப் பணியாரத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ இப்பிடி மூடிட்டுக் கெடந்தா, ஊருக்காரக சொன்னது நெசம்னு ஆயிரும்ல. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லேன்னா தொறந்து வையி. அம்புட்டுத்தான்."

பணியாரம் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் தின்றேன். தின்னத் தின்ன எனக்கு ஒன்று தோன்றியது. மெஷின் பின்கட்டில் இருட்டில் இருக்கிறது. பாட்டில் கழுவுவது கொல்லைப்புறத்தில். யாரும் பார்க்காத இடத்தில் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவர்கள் இஷ்டத்துக்கு நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் முன்னால், ரோட்டோரத்துக்குக் கொண்டுவரப் போகிறேன்.

நான் எரியோட்டுக்குப் போகமாட்டேன். ஆகாவிட்டால் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மட்டும் மையால் அடித்துவிட்டேன். கோபமாகப் பதில் எழுதுவதானால் எழுதவேண்டாம்.

மாயம்மாள்

*

செம்பட்டி
5-12-1958

மாமாவுக்கு,

கோபமாக எழுதவேண்டாம் என்றுதான் சொன்னேன். எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் வரும்போதெல்லாம் நைனா அண்ணன் கையை விரித்துக் காட்டுகிறார். நீங்கள் நன்றாகத் தின்கிறீர்கள், தூங்குகிறீர்கள், கடிதம் மட்டும் எழுதுவதில்லை என்று சொன்னார். சரி, நானே பேசிக்கொள்கிறேன்.

மெஷின் தெருவுக்கு வந்துவிட்டது. லாரி ஆட்கள் நாலு பேர் தூக்கி வைத்தார்கள். இப்போது கடை வாசலில் புளியமரத்து நிழலில் நிற்கிறது. பக்கத்தில் அடுப்பு, அடுப்பின்மேல் பெரிய அண்டா. கொதிக்கிற தண்ணீரில்தான் பாட்டில் கழுவுகிறேன், ஊர் பார்க்க. தண்ணீரையும் ஊர் பார்க்கக் காய்ச்சி ஆறவைத்து, ஊர் பார்க்க நிரப்புகிறேன். காலையில் போடுகிற முதல் சோடாவை, ரோட்டைப் பார்த்து நின்று நானே குடிக்கிறேன். காலங்காத்தாலே வெறும் வயிற்றில் காஸ். ஒருநாள் பெரிய ஏப்பம் வந்து, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். அதில் இரண்டு பேர் சிரிப்போடு வந்து சோடா வாங்கினார்கள். வெளியூர் ஆட்கள்தான். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர்ப்பேச்சு தெரியாது. அவர்களால் அடுப்பு எரிகிறது.

உள்ளூர் ஆட்கள் வரவில்லை. ஆனால் பார்க்கிறார்கள். மூக்காயி மூக்கை மூடிக்கொண்டு போனாலும் நடை மெதுவாகிவிட்டது.

புதிதாக ஒன்று செய்தேன். நிலக்கோட்டையில் பன்னீர் ரோஜா சாயங்காலம் விற்காமல் மிஞ்சுகிறது. நைனா அண்ணன் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தார். இதழ்களைச் சீனிப்பாகில் போட்டுக் கொதிக்கவைத்து, சோடாவில் கலந்து அவருக்கே முதலில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். "தங்கச்சி, இது குடிக்கிறதுக்கா, தலைக்குத் தேய்க்கிறதுக்கா?" என்றார். மிச்சத்தைப் புளியமரத்துக்கு ஊற்றினேன்.

ஆனாலும் மாமா, அதில் ஏதோ இருக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை.

மாயம்மாள்

*

சானடோரியம்
14-12-1958

என் மாயிக்கு,

எழுதாதது கோபத்தினால் இல்லை. முதல் வாரம் கோபம்தான். அதற்குப் பிறகு வெட்கம். உன்னைப் படுத்திருக்க விடாமல் ஒரு பணியாரக்காரி எழுப்பியிருக்கிறார். நான் இங்கிருந்துகொண்டு போய்ப் படுத்துக்கொள் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கடைசிக் கடிதத்தைக் கருப்பணன் என் கையிலிருந்து பிடுங்கி, வார்டு முழுவதும் கேட்கும்படி படித்துவிட்டார். ஏப்பம் வந்த இடத்தில் இருமலும் சிரிப்புமாக ஒரே அமளி. ஆனந்தமேரி அம்மாள் திட்ட வந்தவர், கதவோரம் நின்று மீதியைக் கேட்டுவிட்டுப் போனார். படித்து முடித்ததும் கருப்பணன் என்னிடம், "மெசின வித்துட்டு வான்னு எழுதுன ஆளு நீதான?" என்றார். கடிதத்தைத் திருப்பி வாங்கித் தலையணைக்கடியில் வைத்தேன்.

டாக்டரிடமே கேட்டுவிட்டேன், சோடா பாட்டிலால் இந்த நோய் ஒட்டுமா என்று. "நோய்க்காரர் இருமுகிற காற்றில்தான் பரவும். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். பாட்டில் அங்கே கொதிதண்ணீரில் இருக்கிறது. உங்கள் மனைவி செய்வதுதான் சரி" என்றார். அதை எழுதிக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். காகிதத்தைக் காட்டி ஒருவரைக் குடிக்க வைக்க முடியாது. உன் அண்டாதான் பேசவேண்டும்.

இனி பன்னீர் விஷயம். ஆனந்தமேரி அம்மாளுக்கு நிலக்கோட்டைதான் சொந்த ஊர். நீ இதழைக் கொதிக்கவைத்ததுதான் தப்பு என்கிறார். சுடுதண்ணீரை இறக்கிவைத்து, இதழைப் போட்டு, மூடி, ஆறும்வரை தொடாமல் விடவேண்டுமாம். வடிகட்டிய பிறகுதான் சீனி. எலுமிச்சை ஒரு சொட்டு. செய்து ஒரு பெட்டி இங்கே அனுப்பு. டாக்டர் ஆளுக்கு அரை டம்ளர் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். இந்த வார்டில் எல்லாருக்கும் நாக்கு கசந்து கிடக்கிறது. இவர்களுக்கு இனித்தால் யாருக்கும் இனிக்கும்.

மெஷின் புளியமரத்தடியில் எப்படி நிற்கிறது என்று மனதில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சக்கரம் ரோட்டுப் பக்கம் இருக்கிறதா, சுவர்ப் பக்கமா? ரோட்டுப் பக்கம் இருந்தால்தான் அழகு.

உன்,
தங்கமுத்து

(இதைப் படிக்கும்போது நீ சிரித்தால், அங்கே நின்று ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு மேலே படி. முடிந்துவிட்டது, படிக்க இதற்குமேல் இல்லை.)

*

செம்பட்டி
27-1-1959

அன்புள்ள மாமாவுக்கு,

கை வலிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். சக்கரம் ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தீர்ப்பு கிடைத்தது. முதல் பெட்டிக்கு "இனிப்பு ஜாஸ்தி", இரண்டாவதற்கு "வாசம் வந்துவிட்டது, காரம் போய்விட்டது", மூன்றாவதற்கு ஒன்றும் எழுதாமல் காலி பாட்டில்களை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். ஒரு பாட்டிலிலும் ஒரு சொட்டு இல்லை. அதுதான் பதில் என்று புரிந்துகொண்டேன். அந்தக் கைப்பக்குவத்திலேயே தைப்பூசத்துக்குப் போட்டேன்.

பழனிக்கு நடந்து போகிறவர்கள் நம் ரோட்டில்தான் போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மதுரைப் பக்கமிருந்து காவடியும் மஞ்சள் வேட்டியுமாகக் காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். முதலில் ஒரு பெரியவர் நின்றார். பன்னீர் சோடாவைக் குடித்துவிட்டுப் பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "அப்பு, இங்க வந்துட்டுப் போங்கப்பா" என்று கையைத் தட்டினார். அவ்வளவுதான். கூட்டம் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டது.

நான் சுற்றுகிறேன், செபாஸ்தியம்மாள் அக்கா பணியாரச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு எடுத்துக் கொடுக்கிறார். காலி பாட்டில் மலைபோல் சேருகிறது, கழுவ ஆளில்லை. அடுப்பில் விறகு அணைகிறது, தள்ள ஆளில்லை. ஒரு சாமி, "இல்லேன்னா சொல்லிருங்கம்மா, நடக்கணும்" என்கிறார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. எதிர்ச்சாரியில் நம் தெருப் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

மூக்காயி வந்தாள் மாமா. ரோட்டைத் தாண்டி, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே அண்டாப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் அவளையே பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குற? நீ தனியாக் கெடந்து முழி பிதுங்குற. நான் நின்னு வேடிக்க பாக்கவா? விறகு எங்க இருக்கு?" என்றாள்.

"பாட்டிலத் தொடணுமே அக்கா" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது.

"கொதிக்கிற தண்ணியில என்னடி இருக்கு. மாசக் கணக்காப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கழுவினாள், ஒருத்தி தண்ணீர் தூக்கினாள், ஒருத்தி ரோஜா இதழ் ஆய்ந்தாள். பொழுது சாய்ந்து கூட்டம் வடிந்தபோது எங்கள் யாருக்கும் நிமிர முடியவில்லை. கடைசியில் நாலைந்து பாட்டில் மிஞ்சியிருந்தது. நான் எடுத்து வைக்கப் போனேன். மூக்காயி ஒன்றை என் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளி, நின்றபடியே முழுசும் குடித்தாள். பிறகு மற்ற மூவரும் குடித்தார்கள். ஏப்பம் ஆளுக்கொன்றாக வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க எங்களால் முடியவில்லை. ஒருத்தி சிரித்துச் சிரித்தே விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் வாத்தியார்கள் வந்தார்கள். ஒன்றும் நடக்காத மாதிரி, "அந்தப் பன்னீர் கலர் இருக்கா" என்று கேட்டார்கள். நானும் ஒன்றும் நடக்காத மாதிரிக் கொடுத்தேன். உங்கள் அண்ணனுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினேன். காலிப் பாட்டிலை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, சக்கரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

தங்கள்,
மாயம்மாள்

*

சானடோரியம்
18-6-1959

என் மாயிக்கு,

மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "அடுத்த மாதம் வீட்டுக்குப் போகலாம்" என்றார். சளியிலும் கிருமி இல்லையாம். இருமல் நின்று வெகு நாளாகிறது.

கருப்பணன் போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது உன் கடிதங்களைக் கேட்டார், ஊரில் வாசித்துக் காட்டவாம். கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக என் போர்வையைக் கொடுத்தேன்.

இதுவரை நல்ல செய்தி. இனி எழுத வேண்டியதை மூன்று நாளாக ஒத்திப்போட்டுக் கொண்டிருக்கிறேன்.

கனமான வேலை கூடாது என்கிறார் டாக்டர். சக்கரம் சுற்றக்கூடாது, சிலிண்டர் தூக்கக்கூடாது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதற்குப் பிறகும் பார்த்துத்தான். மாத்திரையும் தொடரும். மாயி, நான் உன்னைவிட்டு வந்தபோது அது என் கடை. நீ அதற்குக் காவல் இருந்தாய். இப்போது நீ எழுதுவதைப் படித்தால், எங்கும் அது உன் கடைதான். மெஷின் இருக்கும் இடம் நீ வைத்தது. பாட்டிலில் இருப்பது நீ கண்டது. குடிக்க வருகிறவர்கள் நீ கொண்டுவந்தவர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சந்தோஷத்தில் வார்டு முழுவதற்கும் கேட்கும்படி பேசியிருக்கிறேன். ஆனால் படுத்தபிறகு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே வந்து நான் என்ன செய்வேன்?

வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள். உன் கடையில் எனக்கு என்ன வேலை கொடுப்பாய்?

தங்கமுத்து

*

செம்பட்டி
23-6-1959

அன்புள்ள மாமாவுக்கு,

படம் நன்றாக இருக்கிறது என்ற வரியை நானும் செபாஸ்தியம்மாள் அக்காவும் மாறி மாறிப் படித்தோம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். நைனா அண்ணன் பஸ்ஸை நிறுத்தி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்தவர்களும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தார்கள்.

நீங்கள் வேடிக்கையாகக் கேட்டதாக எழுதினீர்கள். நான் வேடிக்கையில்லாமல் பதில் எழுதுகிறேன்.

சக்கரத்துக்கு உங்களை எதிர்பார்க்கவில்லை. அதை மூக்காயி சுற்றுகிறாள். மாவு மில் கையாயிற்றே, என்னைவிட வேகம். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவரிடம் நாலு வார்த்தை பேசி உட்கார வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் பேசினால் சுருக்கென்று வருகிறது, அவள் பேசினால் சண்டை வருகிறது. கல்யாணக்காரர்கள் ஆம்பளை வேண்டும் என்பதற்காக அல்ல, பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காக உங்களைக் கேட்கிறார்கள். உங்கள் நுரையீரலுக்குத்தானே ஓய்வு, வாய்க்கு இல்லையே.

அது ஒரு வேலை. இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. இது இந்தத் தடவை நிஜம். நன்றாக நடக்கிற நாளில்கூட, சில காலைகளில் எனக்கு எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. காரணம் ஒன்றும் இருக்காது. பலகையை எடுக்கவேண்டும், அண்டாவை ஏற்றவேண்டும், சிரித்த முகமாக நிற்கவேண்டும் என்று நினைத்தாலே அலுப்பாக வரும். கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தானா, எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. அந்த நாட்களில் நான் என்னிடம், "இன்னைக்கு ஒரே ஒரு சோடா மட்டும் போடு மாயி, பெறகு வேணும்னா மூடிக்க" என்று சொல்லிக்கொள்வேன். எழுந்து போய் ஒன்று போடுவேன். கோலி கழுத்தில் போய் நிற்கிற அந்தச் சத்தம் கேட்டதும், சரி, இன்னொன்று என்று தோன்றும். இதுவரை மூடவில்லை.

ஒருத்தியாக இருந்து என்னை நானே ஏமாற்றி எழுப்புவது அலுத்துவிட்டது. இனி அந்தக் காலைகளில் நீங்கள் எழுப்பவேண்டும். உங்களுக்கு அப்படி வருகிற காலைகளில் நான் எழுப்புகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தால் கடைக்கு லீவு விட்டுவிட்டு நிலக்கோட்டைக்குப் போய்ப் பூ வாங்கி வருவோம்.

இந்த வேலைக்கு வருகிறீர்களா?

தங்கள்,
மாயம்மாள்

*

மதுரை பஸ் ஸ்டாண்டு
9-3-1960

மாயிக்கு,

இன்றைக்கு டாக்டர் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம், மாத்திரையைக் குறைத்துவிட்டார். ஆனந்தமேரி அம்மாள் உன்னைக் கேட்டார்கள். புதுப் பாட்டிலுக்கும் சொல்லிவிட்டேன், லாரியில் வரும்.

நைனா முகமதுவின் வண்டி புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. இங்கே ஒரு கடையில் கலர் சோடா குடித்தேன். நம்முடையதுதான் நன்றாக இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லவில்லை. பாவம், அவரும் காலையில் எழுந்து வந்து கடை திறந்திருக்கிறார். நன்றாக இருந்தது என்று சொன்னேன், முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு நாம் ஒருவருக்கொருவர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்பது இப்போதுதான் தோன்றியது. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு கார்டு வாங்கினேன். இதற்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன். நாளைக்கோ மறுநாளோ தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது நான் வாசலில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பேன், நீ உள்ளே பன்னீர் வடிகட்டிக்கொண்டிருப்பாய். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாத மாதிரியே இருக்கிறேன். நீ வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

உன்,
தங்கமுத்து